மாதையன் துண்டுக்குள் சொன்ன விலை

போன கூட்டத்தில் நான், "இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள், முதலில் வாயை மூடப் பழகுங்கள்" என்று சொன்னேன். உங்களில் இரண்டு மூன்று பேர் சிரித்தீர்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் முகத்தைச் சுளித்தார். அவர் சுளித்ததில் தப்பே இல்லை. ஊனமுற்றவர்களின் உரிமைக்குக் குரல் கொடுக்கத்தானே சங்கம், அந்தச் சங்கத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய கிழவரே வாயை மூடச் சொல்கிறாரே என்று தோன்றியிருக்கும். உங்கள் வயதில் என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நான் ஊன்றுகோலைத்தான் தூக்கியிருப்பேன். செயலாளர் பொறுப்பை உங்களிடம் கொடுத்துவிட்டேன், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். சொன்னதற்கு விளக்கம் சொல்ல இப்போது நிறைய நேரம் இருக்கிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. காலால் மிதிக்கிற தையல் மிஷின் எனக்கு ஒத்துவராது. கையால் சுற்றுகிற மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, கடத்தூர் கடைவீதியில் ஒரு துணிக்கடை வாசலில் தைத்துக்கொண்டிருந்தேன். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நல்ல துணி கிடைக்காது, கிழிந்ததைத் தைக்கத்தான் கூட்டம் வரும். அந்த மிஷினைச் சுற்றி உட்கார்ந்து வம்பு பேசிய ஏழெட்டுப் பேர்தான் நம் சங்கம். கண் தெரியாதவர், கால் இல்லாதவர், காது கேளாதவர், எல்லாம் கலந்துதான் இருந்தோம்.

சங்கத்துக்கு ஒரு பெயர் வைக்க முதல் கூட்டம் போட்டோம். கண் தெரியாதவர்கள் பெயர் முன்னால் வரவேண்டுமா, கால் நடக்காதவர்கள் பெயர் முன்னால் வரவேண்டுமா என்று பெரிய சண்டை. கடைசியில் பெயரே வைக்காமல் கலைந்து போனோம். ஊர்க்காரர்களுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. "நொண்டிச் சங்கம்" என்று அவர்களே வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டு எங்கள் தலைவருக்குத்தான் மகா கோபம். நொண்டி என்று சொன்னதற்காக இல்லை, தன்னை அதில் விட்டுவிட்டார்களே என்று.

தலைவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். சந்தையில் பொரிகடலை விற்பார், மார்கழியில் பஜனைக்கு முன்னால் நின்று பாடுவார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். அவர் கடத்தூரில் தும்மினால் மொரப்பூரில் ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்று நாங்கள் கேலி செய்வோம். ரகசியம் என்று அவர் காதில் நீங்கள் ஒன்றைச் சொன்னால், "ஓகோ, அப்பிடியா சங்கதி" என்று அவர் கேட்கிற கேள்வியிலேயே பாதித் தெருவுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

அந்தக் குரலால் நாங்கள் முதலில் ஜெயித்தது ஒரு பஸ்ஸை. பெட்ரோல் தட்டுப்பாட்டினால் பஸ்ஸின் பின்பக்கம் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் மேடு வந்தால் பஸ் நின்றுவிடும், எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். ஒருநாள் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போக நின்ற எங்களைக் கண்டக்டர் ஏற்றமாட்டேன் என்றார்.

"தள்ள முடியாதவங்களை ஏத்திக்கிட்டு மேட்டுல நான் என்னாங்க பண்றது?"

தலைவர் விடவில்லை. "தள்றதுக்குக் கண்ணு எதுக்குங்க? ரோடு எந்தப் பக்கம் போவுதுன்னு டிரைவர் பாத்துக்குவாரு. நான் தோளைக் குடுக்கறன். இந்தத் தையக்காரன் உள்ள உக்காந்து ஐலசா போடுவான். ஐலசா போடாம எந்த ஊர்லங்க பஸ்ஸு நகருது?"

பஸ்ஸே சிரித்தது. எங்களை ஏற்றிக்கொண்டார்கள். மேட்டில் தலைவர் தள்ளினார், நான் ஜன்னலில் தலையை நீட்டி ஐலசா போட்டேன். அன்றைக்கு வந்த கர்வம் எங்களுக்கு லேசில் இறங்கவில்லை. வாய் இருந்தால் எந்தக் கதவும் திறக்கும் என்று நம்பிவிட்டோம். அந்த நம்பிக்கையோடு இருக்கும்போதுதான் மாதையன் வந்தான்.

மாதையனுக்குப் பென்னாகரம் பக்கம். அப்போது முப்பது வயது இருக்கும். காது கேட்காது, பேச்சும் வராது. அவன் பெண்டாட்டி காவேரியம்மாதான் அவனை எங்களிடம் கூட்டி வந்தாள். இரண்டு பேரும் கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்வார்கள். சண்டை போட்டால்கூட வீடு நிசப்தமாகத்தான் இருக்கும், பாத்திரம் மட்டும் சத்தம் போடும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

"இவருக்குத் தரகு பண்ணணுமாங்க," என்றாள். "மாட்டுத் தரகு. மாமனாரு அந்தத் தொழில்தான். இவரு நடக்க ஆரம்பிச்சதே மாட்டு வாலைப் புடிச்சிக்கிட்டுத்தான். சந்தைக் குத்தகைக்காரரு உள்ள விட மாட்டேங்கறாரு. கோயில் வாசல்ல போயி உக்காரு, நாலு காசு விழும்னு சொல்லி அனுப்பிட்டாரு. காடு கழனியில பங்கு இல்லீங்க, அண்ணன் தம்பிங்க பிரிச்சிக்கிட்டாங்க. ரெண்டு கொழந்தைங்க. தரகு பண்ணாதான் எங்களுக்குச் சோறு."

விஷயம் இதுதான். ஒரு மனிதன் தெரிந்த தொழிலைச் செய்து சாப்பிடுவதா, துண்டை விரித்துப் பிச்சை எடுப்பதா. எங்கள் சங்கத்துக்கு வந்த முதல் கனமான வழக்கு.

இங்கே மாட்டுச் சந்தையின் வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது நீங்கள் போய்ப் பார்த்தாலும் அங்கங்கே இருக்கும். மாட்டு விலையை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தரகர் ஒரு துண்டை எடுத்து, தன் கையையும் வாங்குகிறவர் கையையும் அதற்குள் மூடிக்கொள்வார். உள்ளே விரலைப் பிடித்தே பேரம் நடக்கும். இத்தனை விரல் என்றால் இத்தனை. பத்தா நூறா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிறகு அதே துண்டோடு விற்கிறவரிடம் போவார், அங்கேயும் விரல்தான். சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். கன்னடம் பேசுகிற மைசூர்ப் பக்கத்து வியாபாரியும், ஆலம்பாடி எருதை ஓட்டிவந்த பென்னாகரத்து விவசாயியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் வியாபாரத்தை முடித்துவிட்டுப் போவார்கள்.

இதைச் சொன்னதும் உங்களில் புத்திசாலிகளுக்குப் புரிந்திருக்கும். பேசத் தேவையே இல்லாத தொழில் அது. எங்களுக்கு அது புரியவில்லை. நாங்கள் பஸ்ஸை வாயால் ஜெயித்தவர்கள் ஆயிற்றே.

குத்தகைக்காரரிடம் சங்கமாகப் போனோம். கெட்ட மனிதர் இல்லை. சந்தையை ஏலத்தில் எடுத்தவருக்கு ஒரே பயம், தகராறு வந்து வியாபாரிகள் வேறு சந்தைக்குப் போய்விடக்கூடாது.

"தரகுன்னா வாய்தானுங்க மொதல்," என்றார். "மாட்டைப் பத்தி நாலு வார்த்தை சொல்லணும். வாங்கறவரைச் சிரிக்க வெக்கணும். இவன் என்னா பண்ணுவான்?"

தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "வாய்தானுங்க வேணும்? நான் இருக்கறன். மாதையன் கை, நான் வாயி. நான் பக்கத்துல உக்காந்துக்கறன்."

நாங்கள் எல்லோரும் ஆகா என்றோம். குத்தகைக்காரர் யோசித்துவிட்டுச் சரி என்றார். காவேரியம்மா ஏதோ சொல்ல வந்தாள். நாங்கள் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தோம், யாரும் அவளைப் பார்க்கவில்லை. மாதையனை யாரும் கேட்கவே இல்லை.

அடுத்த சந்தை. புளியமரத்தடியில் மாதையன் ஒரு ஜோடிக் காளைக்குத் தரகு பேச உட்கார்ந்தான். மாட்டைச் சுற்றி வந்து சுழி பார்த்தான், பல்லைப் பிடித்துப் பார்த்தான், இரண்டு அடி நடக்கவிட்டுப் பார்த்தான். வாங்க வந்தவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். துண்டு விரிந்தது. உள்ளே விரல்கள் பேசின. ஒரு முடிவுக்கு வந்ததும், விற்கிறவரிடம் பக்குவமாகப் பேசட்டும் என்று மாதையன் தலைவர் உள்ளங்கையை அழுத்தி விலையைச் சொன்னான். நாங்கள் ஏற்பாடு செய்து கொடுத்த வாய் அல்லவா, மரியாதைக்கு அதையும் பயன்படுத்தினான்.

தலைவர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். மார்கழிக் குரலில் விலையைச் சொன்னார்.

கடத்தூர்ச் சந்தை அப்படி அமைதியாக இருந்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. மாடுகள்கூட அசை போடுவதை நிறுத்தியது போலத் தோன்றியது. விற்க வந்தவர் அவமானத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். தன் காளையின் விலை ஊருக்கே தெரிந்த பிறகு அதற்கு மேல் ஒருவரும் கேட்கமாட்டார்களே. வாங்க வந்தவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் ஆரம்பித்தது சிரிப்பு. பொழுது சாயும்வரை ஓயவில்லை.

மாதையனுக்குக் காது கேட்காவிட்டால் என்ன, முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டான். கோபப்படவில்லை. எழுந்து வந்து தலைவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், பொரிக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பினான். காவேரியம்மாதான் எங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு வாயில்லைன்னு யாருங்கண்ணா உங்ககிட்ட சொன்னது? காது கேக்காது, பேச்சு வராது, அவ்வளவுதானே. கையிலதான் அவரு பேசறாரே. குத்தகைக்காரரு வாய் வேணும்னாரு, நீங்களும் ஆமான்னு வாயைத் தூக்கிக்கிட்டு வந்துட்டீங்க. வேணுமான்னு அவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

தலைவர் பொரியை அளந்துகொண்டே இருந்தார், வாங்குவதற்கு அங்கே ஆள் யாரும் இல்லை. நியாயத்தைக் கேட்டால் அவர் குரல் அடங்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

முடிவு ஒருவிதத்தில் நல்லதாகத்தான் விடிந்தது. மாதையன் அடுத்த சந்தைக்கும் வந்தான், தனியாக. குத்தகைக்காரர் முறைத்தார், ஆனால் விரட்டவில்லை. சிரிப்புக் காட்சியைப் பார்க்கவாவது கூட்டம் வருகிறதே என்று நினைத்திருப்பார். முதலில் வந்தவர்கள் மைசூர்ப் பக்கத்து வியாபாரிகள். பேச்சினால் தங்களை மடக்கும் தரகர்களிடம் அவர்கள் அலுத்துப் போயிருந்தார்கள். அதோடு மற்ற தரகர்கள் சாயங்காலம் கள்ளுக்கடையில் உட்கார்ந்தால் அன்றைய விலையெல்லாம் வெளியே வந்துவிடும். மாதையனிடம் சொன்னது துண்டைத் தாண்டாது. நாளாக ஆக நம் பக்கத்து விவசாயிகளும் அவனிடம் வர ஆரம்பித்தார்கள். அவன் பிள்ளைகள் இரண்டுக்கும் நான்தான் புதுச் சட்டை தைத்தேன். கூலி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், காவேரியம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

பொங்கலுக்கு முந்தின சந்தை. நிற்க இடமில்லாத கூட்டம். பென்னாகரத்திலிருந்து ஒரு விவசாயி அருமையான ஆலம்பாடி ஜோடி ஒன்றை ஓட்டி வந்திருந்தார். வாங்கியவர் மைசூர்ப் பக்கத்துச் சாவ்கார் ஒருவர், பணக்கார வியாபாரி, பெரிய தலைப்பாகை. தரகு மாதையன். துண்டு போட்டு, விலை படிந்து, இரண்டு பக்கமும் தலையசைத்தாயிற்று. கயிறு கைமாற வேண்டியதுதான் பாக்கி. சாவ்கார் கூட வந்தவர்களிடம் போய் ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வந்தார். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"ஆகல்ல, ஆகல்ல, ஆகாது," என்றார். "நான் புடிச்சது அந்த வெலை இல்ல. ஒரு வெரல் கம்மி. இந்த ஊமை தப்பா எடுத்துட்டான்."

விவசாயி, தான் சம்மதித்த விலைக்கு ஒரு விரல்கூடக் குறைக்க முடியாது என்றார். கூட்டம் கூடியது. கொஞ்ச நேரத்தில் பேச்சு காளையை விட்டு மாதையன் மேல் வந்துவிட்டது. அவனால் தொழில் போனவர்கள், போகாதவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

"ஊமையனை நம்பித் துண்டு போட்டா இப்பிடித்தான்."

"காதும் இல்ல, வாயும் இல்ல, அவன்கிட்ட என்னாத்தைக் கேக்கறது?"

குத்தகைக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். அவர் பயந்தது நடந்துவிட்டது. "இதுக்குத்தானுங்க நான் அன்னைக்கே வேணாம்னது," என்றார். "இனிமே இவன் இந்தச் சந்தையில துண்டு போடக் கூடாது."

அதற்குள் கூட்டத்தில் ஒரு நல்ல மனசுக்காரர் குரல் கொடுத்தார். "பாவம், புள்ளகுட்டிக்காரன். ஒரு பரிச்சை வெச்சுப் பாப்போங்க. எல்லாருக்கும் முன்னால நாலு பேரு அவன் வெரலைப் புடிக்கட்டும். சரியாச் சொன்னா இருக்கட்டும், தப்பினா போவட்டும்."

எல்லோருக்கும் அது பிடித்துவிட்டது. வேடிக்கையும் ஆயிற்று, நியாயமும் ஆயிற்று. குத்தகைக்காரரும் எங்கள் பக்கம் திரும்பி, "சங்கத்துக்காரங்க என்னா சொல்றீங்க?" என்றார்.

நம் ஆட்கள் முகத்தில் பல்பு எரிந்தது. மாதையன் விரலில் தப்புவானா? நாலு பேர் இல்லை, நாற்பது பேர் பிடிக்கட்டுமே. ஜெயித்துக் காட்டிவிட்டால் அதற்குப் பிறகு யார் வாயைத் திறக்க முடியும்? நானும் சரி என்று தலையாட்டத்தான் போனேன். தலைவர் என் தொடையில் கிள்ளினார். நன்றாகவே கிள்ளினார்.

"மாதையன் என்னா சொல்றான்?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, மாதையனுக்குக் கூழ் கொண்டுவந்திருந்த காவேரியம்மாவிடம்.

அவள் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு மாதையனிடம் எல்லாவற்றையும் கையால் சொன்னாள். பரீட்சை என்பதற்கு அவள் காட்டிய சைகையில் கூட்டம் சிரித்தது. மாதையன் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு தரகரைக் காட்டினான். அவர் தோளில் கிடந்த துண்டைக் காட்டினான். பிறகு தன் துண்டை எடுத்து உதறித் தரையில் விரித்தான். நடுவே மூன்று கைகள் சேருவது போல ஒரு சைகை.

காவேரியம்மா எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "போன சந்தையில இந்தத் தரகருக்கும் ஒரு அரூர்க்காரருக்கும் தகராறு வந்துதாம். இந்தத் தரகருக்கு என்னா பண்ணாங்களோ, அதை எனக்கும் பண்ணுங்கங்கறாரு."

தலைவர் குத்தகைக்காரர் பக்கம் திரும்பினார். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அவர் மெதுவாகத்தான் பேசினார், ஒரு வீட்டு விஷயத்தைப் பேசுவது போல.

"போன சந்தையில அந்தத் தரகருக்குப் பரிச்சை வெச்சீங்களாங்க?"

"இல்லீங்க. அவருக்கு எதுக்குப் பரிச்சை?"

"பின்ன என்னாங்க பண்ணீங்க?"

குத்தகைக்காரர் கொஞ்சம் தயங்கினார். "வழக்கமாப் பண்றதுதான். பொதுவா ஒருத்தரை உக்கார வெச்சு மறுபடி துண்டு போட்டோம்."

அந்த வழக்கம் இப்படி. விலையில் தகராறு வந்தால், மாட்டு வியாபாரத்தில் சம்பந்தமில்லாத ஒருவரை நடுவில் உட்கார வைப்பார்கள். தரகர், விற்றவர், வாங்கியவர் மூன்று பேரும் ஒவ்வொருவராகத் துண்டுக்குள் அவர் விரலைப் பிடித்துத் தங்கள் விலையைச் சொல்வார்கள். மூன்றும் ஒத்துப்போனால் நடுவர் "முடிந்தது" என்பார். ஒத்துப்போகாவிட்டால் "கலைந்தது" என்பார், மாடு வந்த வழியே திரும்பிப் போகும். அவ்வளவுதான். யார் என்ன விலை பிடித்தார்கள், யார் தப்பு என்பதை அவர் வெளியே சொல்லக்கூடாது. எதற்காக அப்படி என்றால், கூட்டத்துக்கு முன்னால் வீம்புக்கு ஒன்றைச் சொல்லிவிட்டவர்கூட, துண்டுக்குள் மனசு மாறி நியாயத்துக்கு வரலாம். வந்தாலும் யாருக்கும் தெரியாது, மானம் போகாது.

"அதையேதாங்க மாதையனும் கேக்கறான்," என்றார் தலைவர். "கூட ஒண்ணும் கேக்கல."

குத்தகைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. வேடிக்கை போய்விட்டதே என்று சிலருக்கு வருத்தம். ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் சந்தைக்காரர்கள் அதை மீறமாட்டார்கள். "சரி, நடுவுல யாரு உக்கார்றது?" என்றார்.

வாங்குகிறவர் ஒப்புக்கொள்கிற ஆளாக இருக்கவேண்டும் என்பது முறை. சாவ்கார் எல்லா முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியில் கையை நீட்டினார்.

"அந்தப் பொரிக்காரரு இருக்கட்டும். அவருதான் என் மூஞ்சியப் பாக்க மாட்டாரு."

சந்தை குலுங்கியது. "அவரா? போச்சுடா. ஊருக்கே கூவிடுவாருங்க," என்று யாரோ கத்தினார்கள். அன்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்ட விவசாயியும் கூட்டத்தில் இருந்தார், அவர்தான் அதிகமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதையன் பிழைப்பு, அவன் பிள்ளைகளின் சோறு, நம் சங்கத்தின் மானம் எல்லாம் அந்தத் தொண்டையில் வந்து நின்றது. நான் காவேரியம்மாவைப் பார்த்தேன், அவள் மாதையனைப் பார்த்தாள். மாதையன் தலைவர் கையைப் பிடித்து, துண்டுக்கு முன்னால் உட்கார வைத்தான். அன்றைக்குப் பொரிக் கூடைப் பக்கம் உட்கார வைத்தானே, அதே பக்குவம்.

முதலில் மாதையன் கை உள்ளே போனது. பிறகு விவசாயி. கடைசியில் சாவ்கார். அவர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். துண்டு ஒருமுறை அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. தலைவர் முகத்தைக் கூட்டமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் எப்போதும் எல்லாம் தெரியும், அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவர் கையை வெளியே எடுத்தார். துண்டை மடித்தார். தொண்டையைச் செருமினார். முன்வரிசையில் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"முடிஞ்சுதுங்க. கயித்தை மாத்துங்க," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சாவ்கார் கயிற்றை வாங்கிக்கொண்டு, போகும்போது மாதையன் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே நான் ஆரம்பித்துவிட்டேன். "தலைவரே, யாருங்க தப்பு? சாவ்கார் பல்டி அடிச்சாரா? இல்ல, மாதையன்தான் மொதல்ல தப்பாப் புடிச்சு, அப்புறம் அவனும் விவசாயியும் ஒரு வெரல் எறங்கி வந்தாங்களா?" அன்றைக்கு மட்டும் இல்லை, எத்தனையோ வருஷம் கேட்டிருக்கிறேன். காப்பி வாங்கிக் கொடுத்துக் கேட்டிருக்கிறேன், கோபமாகக் கேட்டிருக்கிறேன். கடத்தூரிலேயே பெரிய வாய்க்குச் சொந்தக்காரர், சாகும்வரை அதைச் சொல்லவில்லை.

ஒரே ஒருமுறை மட்டும் இப்படிச் சொன்னார். "மாதையனே தப்பியிருந்தாத்தான் என்னா, தம்பி? மத்த தரகருங்க தப்பலயா? அவங்க தப்பினா, அந்த ஆளு தப்பிட்டான்னு சொல்றாங்க. அவன் தப்பினா மட்டும் ஊமை தப்பிட்டான்னா, அது என்னா நாயம்?"

நீங்கள் இனிமேல் எத்தனையோ பேருக்காகப் பேசப் போகிறீர்கள். பரீட்சை வைக்கிறேன் என்று அன்பாகச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். நம் ஆள் ஜெயிப்பான் என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும், கை பரபரக்கும். அப்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் மாதையன் ஜெயித்திருந்தால், அடுத்த தகராறில் இன்னொரு பரீட்சை வைத்திருப்பார்கள். அவன் ஆயுசுக்கும் வித்தை காட்டிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு விரித்த துண்டு தனக்கும் வேண்டும் என்று கேட்டது அவன்தான், நாங்கள் இல்லை. நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம், அன்றைக்கு அவனைக் கேட்டதுதான். அதையும் தலைவர் செய்தார்.

பொங்கல் கழிந்த அடுத்த சந்தையில் நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். வெயில் ஏறுகிற நேரம். குத்தகைக்காரர் தன் வீட்டுக் கிடாரி ஒன்றைத் தானே பிடித்துக்கொண்டு வந்தார். எத்தனையோ தரகர்கள் இருந்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் நேராகப் புளியமரத்தடிக்குப் போய், மாதையனுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினார். மாதையன் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு துண்டை எடுத்து இரண்டு கைகளையும் மூடினான். கூழ்ச் சட்டியோடு வந்த காவேரியம்மா பாதி வழியிலேயே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, சொல்வதில் வெட்கம் என்ன.

பொரிக் கூடைக்குப் பின்னால் இருந்த தலைவருக்கு நடப்பதை நான்தான் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த குரலெல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

"மாதையா, குத்தகைக்காரரு மாடுப்பா. என்னா வெலை சொல்றாரு?"

சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. குத்தகைக்காரரே சிரித்துவிட்டார். மாதையனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சிரிப்பைப் பார்த்து, எல்லோரும் பார்க்கிற திசையைப் பார்த்து, யார் வேலை என்று கண்டுகொண்டான். துண்டுக்குள் இருந்த கையை எடுக்காமல், மற்றக் கையின் விரலை உதட்டின் மேல் வைத்துத் தலைவரைப் பார்த்து முறைத்தான். பார்க்க முடியாதவரைப் பார்த்து, பேச முடியாதவன்.

நான் குனிந்து சொன்னேன். "தலைவரே, மாதையன் உங்களை வாயை மூடச் சொல்றானுங்க."

"சொல்லட்டும், சொல்லட்டும்," என்றார் தலைவர். "அவனுக்கு அந்த உரிமை இருக்குது, தம்பி."

மெதுவாகத்தான் சொன்னார்.